கரண்ட் வைத்த பிறகு வறண்டுபோகும் வாய்: தண்ணீரா, சூயிங்கமா, ஜெல்லா, மாத்திரையா?

கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் ‘கரண்ட் வைப்பது’ என்றுதான் சொல்வார்கள். நாக்கிலோ கன்னத்திலோ தொண்டையிலோ புற்றுநோய் வந்து, கரண்ட் வைத்து முடித்தவர்களின் வீட்டிலிருந்து என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “கட்டி போயிடுச்சு, ஸ்கேன் நல்லா இருக்கு, ஆனா எச்சில் ஊறவே மாட்டேங்குது. ஸ்ப்ரே வாங்கலாமா, மாத்திரை கேட்கலாமா, தண்ணியே போதுமா?”

எங்கள் பெரியப்பாவுக்கும் இதே நிலைமைதான். அவர் காசிமேட்டில் மீன் ஏலம் விடுபவர். விடியாத இருட்டில் கூடையைச் சுற்றி ஆட்கள் நிற்க, விலையை ஏற்றி ஏற்றி மூச்சு விடாமல் கூவ வேண்டிய வேலை. நாக்கின் ஓரத்தில் வந்த புற்றை அறுவை செய்து எடுத்து, அப்புறம் 30 நாள் கரண்ட் வைத்தார்கள். நோய் அடங்கியது. ஏலத்துக்குத் திரும்பிய முதல் நாள், நாலாவது கூடையிலேயே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சொல் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் ஒவ்வொரு வழியாக முயன்று பார்த்தோம். அதில் பட்டதையும், மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எச்சில் எங்கே போனது

நமக்குப் பெரிய எச்சில் சுரப்பிகள் மூன்று ஜோடி. காதுக்கு முன்னால் ஒன்று, தாடைக்கு அடியில் ஒன்று, நாக்குக்கு அடியில் ஒன்று. இவை போக உதடு, கன்னம், அண்ணம் முழுக்க நூற்றுக்கணக்கான சின்னச் சுரப்பிகள். எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கும். இதில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காதோரச் சுரப்பி சாப்பிடும்போதுதான் அதிகம் வேலை செய்யும். அது தரும் எச்சில் தண்ணீர் மாதிரி இருக்கும். சும்மா இருக்கும் நேரத்தில் வாயை நனைத்து வைப்பது பெரும்பாலும் தாடையடிச் சுரப்பி. அதனால்தான் ஒருவருக்குச் சோறு இறங்காது, இன்னொருவருக்குப் பகலெல்லாம் சமாளித்துவிட்டு ராத்திரி இரண்டு மணிக்கு வாய் பிளந்து எழுந்திருக்க வேண்டியிருக்கும்.

தலை, கழுத்துப் புற்றுக்கு வழக்கமாகக் கொடுக்கும் மொத்த அளவு 60 முதல் 70 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). காதோரச் சுரப்பிக்கு விழுந்த சராசரி அளவு 26 கிரேக்குள் இருந்தால் அது ஓரளவு தேறி வர நல்ல வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் போகப் போக வாய்ப்பு குறையும். எச்சில் குறைவது சிகிச்சை தொடங்கிய முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் திரும்பி வருவதென்றால் ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகும்.

எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, சுரப்பியில் உயிர் மிச்சம் இருக்கிறதா? சூயிங்கமும் மாத்திரையும் சுரப்பியைத் தூண்டுபவை. தூண்டினால் வேலை செய்ய ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். மருத்துவமனையில் ஒரு கப்பைக் கொடுத்து, 5 நிமிடம் வாயில் ஊறுவதையெல்லாம் அதில் துப்பச் சொல்லி அளப்பார்கள். மொத்தம் அரை மில்லிகூட வரவில்லை என்றால் கடுமையான வறட்சி. பிறகு ஏதாவது மெல்லக் கொடுத்து மறுபடி அளப்பார்கள். மெல்லும்போது கூடினால் நல்ல சேதி. இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

அடுத்தது, தொல்லை எந்த நேரத்தில்: சாப்பாட்டிலா, பேச்சிலா, தூக்கத்திலா? மூன்றாவது, தேர்ந்தெடுக்கும் வழி பல்லைக் காக்குமா கெடுக்குமா? நான்காவதை யாருமே கேட்பதில்லை: அந்த மனிதரின் நாள் எங்கே கழிகிறது? வெயிலிலா, நிழலிலா? பக்கத்தில் கழிப்பறை உண்டா? வடசென்னையில் ஆட்டோ ஓட்டுபவருக்கும் தெருவோரம் கூடை வைத்து மீன் விற்கும் அக்காவுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. கடைசியாக, மாதத்துக்கு எவ்வளவு? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கரண்டுக்குக் கைகொடுக்கும். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் மெடிக்கல் ஷாப்பில் வாங்குவது நம் கைக்காசு.

காசு செலவழிக்கும் முன் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். அறுவைக்குப் பிறகு நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரைகள், சில பிரஷர் மாத்திரைகள் எல்லாம் வாயை வறட்டுபவை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சீட்டை எடுத்துக்கொண்டு போய், “இதில் எதை மாற்றலாம்?” என்று கேளுங்கள். பெரியப்பாவுக்கு ஒரு மாத்திரையை மாற்றியதிலேயே ராத்திரித் தொல்லை கொஞ்சம் குறைந்தது.

வழி 1: தண்ணீரும் வீட்டு முறைகளும்

எல்லோரும் தொடங்குவது இங்கேதான், தொடங்க வேண்டியதும் இங்கேதான். சிறு பாட்டில் எப்போதும் கையில், ஒரு மடக்கு வாயில் வைத்து நனைத்து விழுங்குவது. ஆனால் தண்ணீர் எச்சில் ஆகாது. எச்சிலில் இருக்கும் வழுவழுப்புதான் வாயில் ஒட்டி நிற்கும். தண்ணீர் ஐந்து நிமிடத்தில் போய்விடும். லிட்டர் லிட்டராகக் குடித்தால் வாய் நனைவதைவிடச் சிறுநீர்ப்பைதான் நிறையும். ராத்திரி வறட்சிக்குத் தண்ணீர் குடித்தே சமாளிக்கிறவர் வறட்சிக்கு ஒரு தடவை, சிறுநீருக்கு இரண்டு தடவை எழுந்திருப்பார்.

நல்ல வீட்டு முறை ஒன்று சொல்கிறேன். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் ஆப்பசோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து, நாளைக்கு நாலைந்து தடவை, முக்கியமாகச் சாப்பிட்ட பிறகு, கொப்பளித்துத் துப்பலாம். கெட்டியான கோழையை இளக்கும், வாயிலுள்ள புளிப்பை முறிக்கும். படுக்கும்போது உதட்டிலும் நாக்கிலும் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். ஆனால் விழுங்கும்போது புரையேறுபவர்கள் எண்ணெயைக் கொப்பளிக்கவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். அப்புறம், ஃபேனை முகத்துக்கு நேராக வைக்காதீர்கள். கடலோரக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. வாயைத் திறந்துகொண்டு தூங்குபவரை வறட்டுவது நேரே அடிக்கும் ஃபேனும் ஏசியும்தான்.

இந்த வழியின் மறைந்த செலவு, கூடவே வரும் அறிவுரைகள். “எலுமிச்சம்பழத்தை நாக்கில் தடவு”, “நெல்லிக்காயைக் கடி”, “பனங்கற்கண்டை வாயில் போட்டுக்கோ” என்பார்கள். புளிப்பு எச்சிலைக் கூட்டும், உண்மைதான். ஆனால் புளிப்பைக் கழுவிவிடப் போதுமான எச்சில் இல்லாத வாயில் அது பல்லைக் கரைக்கும். பனங்கற்கண்டும் சர்க்கரைதான். நாளெல்லாம் வாயில் ஒதுக்கி வைத்தால் பல்லின் கழுத்தில் குழி விழும்.

இதைவிட ஆபத்தான அறிவுரை, “ஒரு பாக்கு போட்டுக்கோ.” பாக்கு போட்டால் எச்சில் ஊறுவது நிஜம். அதிலுள்ள அரிகோலின் என்ற பொருள், பின்னால் சொல்லப்போகும் மாத்திரையைப் போலவே சுரப்பியைத் தூண்டுகிறது. மாவா (பாக்கும் புகையிலையும் கலந்தது), பாக்குப் பழக்கத்தை விட்டவர்கள் கரண்டுக்குப் பிறகு அதற்கே திரும்புவதற்கு இந்த வறட்சியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் புகையிலை சேராத வெறும் பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே வகைப்படுத்திவிட்டது. வீட்டில் யாராவது பாக்கைத் தேடினால் திட்டாதீர்கள், வாய் வறள்கிறதா என்று கேளுங்கள்.

யாருக்கு இது போதும்: வறட்சி லேசாக இருப்பவருக்கு, வீட்டிலேயே இருப்பவருக்கு, சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆனவருக்கு.

வழி 2: சர்க்கரை இல்லாத சூயிங்கம்

சுரப்பியில் கொஞ்சம் உயிர் இருந்தால், மெல்லுவதே மருந்து. சைலிட்டால் சேர்த்த, சர்க்கரை இல்லாத கம் என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் மென்றால் எச்சிலும் ஊறும், பல்லில் ஒட்டியதும் போகும். பக்க விளைவு மிகக் குறைவு, செலவும் குறைவு. நாளைக்குப் பத்துப் பதினைந்து போட்டால் சிலருக்கு வயிறு இளகும், அவ்வளவுதான். புகையிலையை நிறுத்துவதற்குக் கொடுக்கும் நிக்கோட்டின் கம் வேறு, இது வேறு. கடையில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இது ஆகாதவர்களும் உண்டு. கரண்டுக்குப் பிறகோ பாக்குப் பழக்கத்தாலோ வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காதவர்கள், தாடை வலி உள்ளவர்கள், பல்செட் போட்டவர்கள். வறண்ட வாயில் பல்செட் பிடிக்காது, கம் அதையும் இழுத்துக்கொண்டு வரும். சுரப்பி முழுக்கப் போய்விட்டவர் மென்றால் வாய் வலிதான் மிச்சம்.

வழி 3: செயற்கை உமிழ்நீர், அதாவது ஜெல், ஸ்ப்ரே

பெரும்பாலும் கார்பாக்சிமெதில்செல்லுலோஸ் போன்ற வழுவழுப்புப் பொருள் கலந்தது. இதன் பெரிய பலம், சுரப்பியில் ஒன்றுமே மிச்சம் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். உடம்புக்குள் போய் எதையும் கிளறுவதில்லை என்பதால் இதய நோயாளி, ஆஸ்துமாக்காரர் என்ற பயமும் இல்லை.

குறை, நேரம். ஒரு தடவை போட்டால் நீடிப்பது கொஞ்ச நேரம்தான். ஸ்ப்ரேயைவிட ஜெல் கொஞ்சம் கூட நிற்கும், அதனால் ராத்திரிக்கு ஜெல், வெளியே போகும்போது ஸ்ப்ரே என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஜெல்லைப் போடும் முன் ஒரு மடக்குத் தண்ணீரில் வாயை நனைத்துவிட்டு, பட்டாணி அளவு எடுத்து நாக்கின் மேலும் கன்னத்தின் உள்பக்கமும் தடவ வேண்டும். நாங்கள் முதலில் விரல் நிறைய எடுத்து அப்பினோம். பெரியப்பா வாயில் பிசின் ஊற்றிய மாதிரி இருக்கிறது என்று துப்பிவிட்டார். பொருள் மேல் தப்பில்லை, நாங்கள் போட்ட விதம்தான் தப்பு.

செலவுக் கணக்கை பாட்டில் விலையை வைத்துப் போடாதீர்கள். நாளைக்கு எத்தனை தடவை, ஒரு பாட்டில் எத்தனை நாள் வருகிறது என்று ஒரு மாதம் எழுதிப் பாருங்கள், அப்போதுதான் நிஜம் தெரியும். எங்கள் தெரு மெடிக்கலில் இது தயாராக இருக்காது, முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். வாங்கும்போது புளிப்புச் சுவை சேர்த்ததை விட்டுவிடுங்கள், பல்லுக்காக.

யாருக்கு இது முதல் தேர்வு: ராத்திரித் தொல்லை உள்ளவருக்கு, பேசிப் பிழைப்பவருக்கு, மாத்திரை ஆகாதவருக்கு, சுரப்பி அடியோடு போனவருக்கு.

வழி 4: பைலோகார்பின் மாத்திரை

பிரேசில் நாட்டு ஜபோராண்டி என்ற செடியிலிருந்து கிடைத்த மருந்து. இலையை மென்றால் எச்சில் வழியும் என்பது அங்குள்ள பழங்குடி மக்களுக்கு முன்பே தெரியும். கதிர்வீச்சால் வரும் வாய் வறட்சிக்கு அமெரிக்காவில் 1994ல் அனுமதி கிடைத்தது. வழக்கமான அளவு 5 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை. போட்டு ஒரு மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும், 3 முதல் 5 மணி நேரம் நிற்கும்.

எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளச் சொல்வேன். 1993ல் வெளியான ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களில் 100க்கு 44 பேருக்கு வறட்சி குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிலும் 100க்கு 25 பேருக்குக் குறைந்தது. ஆக, பலன் உண்டு, எல்லோருக்கும் இல்லை. முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். நாலே நாளில் தூக்கிப்போட்டுவிட்டு “ஒண்ணும் ஆகலை” என்பவர்கள்தான் அதிகம். நிறுத்தினால் பலனும் நின்றுவிடும்.

மறைந்த செலவு இங்கேதான் கூடுதல். இந்த மருந்து எச்சில் சுரப்பியை மட்டும் தேடிப் போவதில்லை. வியர்வைச் சுரப்பியையும் தூண்டும், சிறுநீர் அடிக்கடி வரும், மூக்கு ஒழுகும். சித்திரை வெயிலில் துறைமுக கேட்டுக்கு வெளியே லாரியில் காத்திருப்பவருக்குக் கூடுதல் வியர்வை என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பி மதியம்வரை கழிப்பறைக்கு வழியில்லாத பெண்ணுக்கு இந்த மாத்திரை ஒரு தண்டனை. சிலருக்கு இருட்டில் பார்வை மங்கும், தூரம் சரியாகத் தெரியாது. ராத்திரி ஆட்டோ ஓட்டுபவர் இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா, கண்ணில் குறுங்கோண அழுத்த நோய் (ஒரு வகை கிளாக்கோமா) உள்ளவர்களுக்கு இது கூடவே கூடாது. இதய நோய் இருந்தால் இதய மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது.

பெரியப்பா பத்து வாரம் எடுத்தார். எச்சில் ஊறியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் ஏலத்தின் நடுவில் இரண்டு தடவை ஓட வேண்டியிருந்தது. விட்டுவிட்டார். அதே மாத்திரையை வியாசர்பாடியில் வீட்டிலேயே தையல் வேலை செய்யும் எங்கள் உறவுக்கார அத்தை ஒரு வருடமாக எடுக்கிறார். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு போட்டுக்கொண்டு, மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றைச் சிரமமில்லாமல் சாப்பிடுகிறார். வியர்வையும் கழிப்பறையும் அவருக்கு ஒரு பிரச்சினையே இல்லை.

அக்குபஞ்சரும் மெல்லிய மின்தூண்டலும் சிலருக்கு உதவியிருப்பதாக ஆய்வுகள் உண்டு. பக்க விளைவு குறைவு. ஆனால் வாரா வாரம் போய்வர வேண்டும், பயணமும் நாள்கூலியும் கணக்கில் சேரும். மேலே சொன்னவை பலிக்காதபோது மருத்துவரைக் கேட்டுப் போகலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பல்லை விடக்கூடாது

எங்களுக்கு விழுந்த பெரிய அடி இதில்தான். சிகிச்சை எடுத்த இடத்தில் பல்லைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு வருடத்துக்குள் முன்பற்களின் கழுத்தில் பழுப்பு வளையம் விழுந்து, இரண்டு பல் ஒடிந்தன. பிடுங்கலாம் என்று போனால் பல் மருத்துவர் தயங்கினார். கரண்ட் பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும், பல் பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பே அழுகிப்போகும் ஆபத்து உண்டு. இன்றுவரை அந்த வேர்களை வைத்துக்கொண்டு மாதா மாதம் காட்டி வருகிறோம்.

இதற்கு வழி இருக்கிறது. பல்லுக்கு அளவெடுத்துச் செய்த பிளாஸ்டிக் தட்டில் 1.1 சதவீத சோடியம் ஃபுளோரைடு ஜெல் வைத்து, தினமும் 5 முதல் 10 நிமிடம் போட்டுக்கொள்வது. வறட்சி இருக்கும்வரை இதைச் செய்ய வேண்டும், பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க. வடசென்னைக்காரர்களுக்குக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி தூரமில்லை. ‘கரண்ட் வைத்த வாய்’ என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாக்கில் வெள்ளைப் படலமோ, சிவந்து எரிச்சலோ இருந்தால் அது பெரும்பாலும் காளான் தொற்று. ஜெல்லுக்கோ கம்முக்கோ அது அடங்காது, தனி மருந்து வேண்டும்.

இன்னும் கரண்ட் தொடங்காதவர்களுக்கு

உங்கள் கையில் இருக்கும் தேர்வு மேலே சொன்ன நாலையும்விடப் பெரியது. ஐஎம்ஆர்டி என்ற முறையில் கதிரின் பலத்தை இடத்துக்கு இடம் மாற்றி, காதோரச் சுரப்பியை முடிந்தவரை ஒதுக்கிவைக்க முடியும். பார்ஸ்போர்ட் என்ற பிரிட்டன் ஆய்வின் முடிவு 2011ல் வெளியானது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, பழைய முறையில் 74 சதவீதம் பேருக்கு இருந்த குறிப்பிடத்தக்க வறட்சி, ஐஎம்ஆர்டியில் 38 சதவீதம் பேருக்கு மட்டுமே இருந்தது. புற்று அந்தச் சுரப்பிக்கு மிக அருகில் இருந்தால் ஒதுக்க முடியாது, ஒதுக்கச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. “எந்தப் பக்கச் சுரப்பியைக் காப்பாற்ற முடியும்?” என்று கேட்பது உங்கள் உரிமை.

தூரத்தையும் சேர்த்து யோசியுங்கள். வாரம் 5 நாள், 6 முதல் 7 வாரம் போக வேண்டும். திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் இறங்கினால் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்றால் தினமும் பாதி நாள் போய்விடும். நடுவில் நாள் விட்டால் புற்றுக்கட்டி மறுபடி தலைதூக்க இடம் கொடுத்த மாதிரி. அதனால் தினமும் தவறாமல் போக முடிகிற இடத்தில் ஐஎம்ஆர்டி கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். தரமணியில் 2019ல் வந்த புரோட்டான் சிகிச்சையைப் பற்றியும் கேட்கிறார்கள். வாய் வறட்சிக்காக மட்டும் வீட்டை அடகு வைத்து அங்கே போகச் சொல்ல மாட்டேன். மருத்துவர் வேறு காரணம் சொன்னால் அது வேறு.

கரண்ட் வைக்கும்போது தலை அசையாமல் இருக்க முகத்தில் போடும் வலைமுகமூடிக்கு அளவெடுக்கும் நாளைக் குறித்துக் கொடுத்ததுமே பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் இப்போதே பிடுங்க வேண்டும், அந்தக் குழி ஆற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். ஃபுளோரைடு தட்டுக்கும் அன்றைக்கே அளவு கொடுத்துவிடலாம்.